பிள்ளைக்குக் காய்ச்சல்: வைரஸா பாக்டீரியாவா என்று ரத்தப் பரிசோதனை தெளிவாகச் சொல்லிவிடுமா?

கோட்டையூர் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்கு இரண்டரை வயது. ஞாயிறு ராத்திரி காய்ச்சல் ஆரம்பித்தது. 102, 103 வரை ஏறுகிறது, பாராசிட்டமால் சிரப் கொடுத்தால் இறங்குகிறது, நாலைந்து மணி நேரம் கழித்துத் திரும்ப ஏறுகிறது. மூக்கு ஒழுகுகிறது, இருமல் கொஞ்சம். காய்ச்சல் இறங்கியிருக்கும் நேரத்தில் வளவில் வண்டி ஓட்டிக்கொண்டு திரிகிறான், ஏறினால் என் தோளை விட்டு இறங்குவதில்லை. சாப்பாடு பாதிதான், தண்ணீர் குடிக்கிறான்.

திங்கட்கிழமை காலையிலேயே என் மாமனார் பதறிப்போய்க் காரைக்குடியில் ஒரு லேபில் ரத்தம் கொடுக்க வைத்துவிட்டார். ரிப்போர்ட்டில் "சி.ஆர்.பி. பாசிட்டிவ்" என்று ஒரே வரி (சி-ரியாக்டிவ் புரோட்டீன், உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் புரதமாம்). அதை எடுத்துக்கொண்டு குழந்தை டாக்டரிடம் போனோம். தொண்டை, காது, நெஞ்சு எல்லாம் பார்த்துவிட்டு வைரஸ் காய்ச்சல்தான், இரண்டு நாள் பார்க்கலாம் என்றார். இன்று புதன், காய்ச்சல் நிற்கவில்லை என்று திரும்பப் போனோம், வேறொரு லேபில் எடுக்கச் சொன்னார். அதில் வந்தது: சி.ஆர்.பி. 2.1 (பக்கத்தில் 0.6 வரை நார்மல் என்று இருக்கிறது). வெள்ளை அணு 7,400. நியூட்ரோபில் 36, லிம்போசைட் 56, இந்த 56க்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் "அதிகம்" என்று குறி. பிளேட்லெட் 2.3 லட்சம்.

டாக்டர் இப்போதும் வைரஸ் என்கிறார், ஆன்டிபயாடிக் வேண்டாம், வெள்ளிக்கிழமை கூட்டி வாருங்கள் என்கிறார். வீட்டில் ஒரே சண்டை. "பாசிட்டிவ் என்று எழுதியே கொடுத்திருக்கிறான், இதற்கு மேல் என்ன வேண்டும், மருந்தே எழுதாத டாக்டருக்கு எதற்கு பீஸ்" என்கிறார் மாமனார். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிக் கொடுத்த சிரப்பில் இரண்டு நாளில் சரியாகிவிட்டதாம். சென்னையில் இருக்கிற நாத்தனார் புரோகால்சிட்டோனின் என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது, அதை எடுத்தால் தெரிந்துவிடும் என்கிறாள்.

என் கேள்வி இதுதான். வைரஸா பாக்டீரியாவா என்று ரத்தத்திலேயே தெரிந்துகொள்ள ஒரு டெஸ்ட் இருக்கிறதா, இல்லையா? இருந்தால் ஏன் முதலிலேயே எடுக்கச் சொல்லவில்லை? இந்த நம்பர்களை எப்படிப் படிப்பது?


தேவகோட்டை லேப்காரன்:

ஆச்சி, டாக்டர் வேலைக்கு நான் போகவில்லை, ரிப்போர்ட் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். இந்தத் தொழிலில் ரொம்ப வருஷமாக இருக்கிறேன், உங்கள் வீட்டுச் சண்டைக்குப் பாதிக் காரணம் காகிதம்தான்.

முதல் ரிப்போர்ட்டில் "பாசிட்டிவ்" என்று ஒரே வரி இருந்தால் அது ஸ்லைடு டெஸ்ட். ஒரு கறுப்பு அட்டை, அதில் வட்டங்கள். பிள்ளையின் சீரம் (ரத்தம் உறைந்ததும் பிரிகிற தெளிந்த நீர்) ஒரு சொட்டு, அதன் மேல் பால் மாதிரி இருக்கிற லேடெக்ஸ் திரவம் ஒரு சொட்டு, குச்சியால் கலக்கி இரண்டு நிமிஷம் அட்டையை ஆட்ட வேண்டும். பால் திரிந்ததுபோல் மணி மணியாகக் கட்டினால் பாசிட்டிவ், கட்டாமல் அப்படியே இருந்தால் நெகட்டிவ். வழக்கமான கிட்டில் லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் போனாலே கட்டிவிடும். அதாவது 7 இருந்தாலும் பாசிட்டிவ், 170 இருந்தாலும் அதே பாசிட்டிவ். சாதாரண சளிக்கே 7, 10 என்று போகும். ஆக, அந்த வார்த்தையை வைத்து பாக்டீரியா என்று சொல்லவே முடியாது. உடம்பில் ஏதோ நடக்கிறது என்பதற்கு மேல் அதில் செய்தி இல்லை, அது காய்ச்சலைப் பார்த்தாலே தெரிகிறதே. (இன்னொன்று, அளவு மிக மிக அதிகமாக இருந்தால் சில சமயம் கட்டாமலே ஏமாற்றும். அதற்குத்தான் சீரத்தை நீர்த்து மறுபடி பார்க்க வேண்டும். எல்லா இடத்திலும் பார்க்கிறார்களா என்று கேட்காதீர்கள்.)

இரண்டாவது ரிப்போர்ட்டில் முக்கியமான விஷயம் யூனிட். 0.6 வரை நார்மல் என்று போட்டிருந்தால் அது மி.கி./டெசிலிட்டர். டாக்டர்கள் பேசுவதும் நெட்டில் நீங்கள் படிப்பதும் பெரும்பாலும் மி.கி./லிட்டர். பத்தால் பெருக்க வேண்டும். உங்கள் 2.1 என்பது 21. இதைக் கவனிக்காமல் போனில் "சி.ஆர்.பி. 9தான் சார்" என்று யாராவது படித்துக் காட்ட, அந்தப் பக்கம் டாக்டர் "அப்படியா, ஒன்றுமில்லை" என்று சொல்ல, நிஜத்தில் அது 90ஆக இருக்கிற கூத்து நடக்கக்கூடியது. ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்புங்கள், நம்பரை மட்டும் வாயால் சொல்லாதீர்கள்.

அப்புறம் அந்த லிம்போசைட் 56, "அதிகம்" என்ற குறி. மெஷினில் பெரியவர்களுக்கான அளவு போட்டு வைத்திருப்பார்கள், 20 முதல் 40 என்று. இரண்டரை வயதுப் பிள்ளைக்கு லிம்போசைட் நியூட்ரோபிலைவிடக் கூடுதலாக இருப்பதுதான் இயல்பு. நாலைந்து வயது வாக்கில்தான் கணக்கு தலைகீழாகும். அந்தத் தடித்த எழுத்தைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், "லிம்போசைட் ஏறியிருக்கிறது, அதனால் வைரஸ்" என்று சந்தோஷப்படவும் வேண்டாம். அவன் நன்றாக இருக்கும்போது எடுத்தாலும் கிட்டத்தட்ட இப்படித்தான் வரும்.


பள்ளத்தூர் ஆச்சி:

எங்கள் காலத்தில் அப்பத்தா பிள்ளையின் கண்ணைப் பார்ப்பார், நாக்கைப் பார்ப்பார், பால் குடிக்கிறதா என்று பார்ப்பார். இப்போது பிள்ளையைத் தவிர எல்லாவற்றையும் பார்க்கிறீர்கள். இரண்டரை வயதுப் பிள்ளைக்கு மூன்று நாளில் இரண்டு முறை ஊசி குத்தி ரத்தம் எடுத்திருக்கிறது. காய்ச்சல் இறங்கினால் ஓடியாடுகிறான் என்கிறாய். அதுதானம்மா ரிப்போர்ட்.


குழந்தைநலம்:

பள்ளத்தூர் ஆச்சி சொல்வதை நான் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முகம் தெளிவாக இருந்து உள்ளே விஷயம் ஓடிக்கொண்டிருக்கிற பிள்ளைகளும் உண்டு, அதற்குத்தான் இந்தச் சோதனைகள். சிவகங்கைப் பக்கம் குழந்தைகள் மருத்துவராக இருக்கிறேன். உங்கள் பிள்ளையை நான் பார்க்கவில்லை. தொண்டையும் நெஞ்சும் பார்த்த டாக்டர் சொல்வதுதான் செல்லும், நான் பொதுவாகச் சொல்கிறேன்.

சி.ஆர்.பி. கிருமி கிடையாது, கிருமியின் துண்டும் கிடையாது. நம் கல்லீரல் செய்கிற புரதம். உடம்பில் எங்காவது அழற்சி வந்தால் அங்கிருந்து இன்டர்லூக்கின்-6 என்ற ரசாயனச் செய்தி கிளம்பும், அதைக் கேட்டுக் கல்லீரல் சி.ஆர்.பி.யை உற்பத்தி செய்யும். பாக்டீரியா வந்தால் அந்தச் செய்தி பெரும்பாலும் பலமாகப் போகும், வைரஸ் என்றால் அவ்வளவு பலமாகப் போகாது. "பெரும்பாலும்" என்ற சொல்லில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

இதில் நேரம் முக்கியம். காய்ச்சல் ஆரம்பித்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் இது ஏறவே ஆரம்பிக்கும், உச்சம் தொட ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். ஞாயிறு ராத்திரி காய்ச்சல், திங்கள் காலை ரத்தம் என்றால், மோசமான பாக்டீரியா தொற்றிலேயேகூட அந்த நேரத்தில் குறைவாக இருந்திருக்கலாம். அப்படி எடுத்து நெகட்டிவ் வந்திருந்தால் அது இன்னும் ஆபத்து, எல்லோரும் நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பீர்கள். முதல் நாளே ஏன் எடுக்கச் சொல்லவில்லை என்று கேட்டீர்களே, காரணம் இதுதான். புதன்கிழமை எடுத்தது சரியான நேரம். அப்போது 21. காய்ச்சல் வந்து இரண்டு நாள் தாண்டிய பிறகு 20ஐ ஒட்டி நிற்கிறது, மூக்கு ஒழுகுகிறது, இடையிடையே விளையாடுகிறான் என்றால், எனக்கும் வைரஸ் பக்கம்தான் மனம் சாயும்.

பொதுவாக ஒரு நாளுக்கு மேல் காய்ச்சல் இருக்கும் பிள்ளைக்கு 20க்குக் கீழே இருந்தால் பெரிய பாக்டீரியா தொற்றுக்கு வாய்ப்புக் குறைவு. 80, 100 என்று தாண்டினால் பாக்டீரியாவைத் தேடியே ஆக வேண்டும். நடுவில் இருப்பது பெரிய பொட்டல் வெளி, நிறையப் பிள்ளைகள் அங்கேதான் வந்து நிற்கிறார்கள். அங்கே நம்பர் எதையும் சொல்லாது. மூச்சு எண்ணிப் பார்ப்பதும், யூரின் டெஸ்டும், நாளைக்குத் திரும்பப் பார்ப்பதும்தான் சொல்லும்.

மேலே கீழே இரண்டு பக்கமும் ஏமாற்றுகிற கேஸ்கள் உண்டு. அடினோவைரஸ் என்று ஒரு வைரஸ், தொண்டையில் வெள்ளை வெள்ளையாகப் படியும், ஒரு வாரம் வரை காய்ச்சல் விடாது, சி.ஆர்.பி. 100ஐயும் தாண்டலாம், பார்த்தால் அசல் பாக்டீரியா மாதிரியே இருக்கும், ஆன்டிபயாடிக்குக்கு அசையாது. கவாசாகி நோயில் சி.ஆர்.பி. எகிறும், அது கிருமித் தொற்றே அல்ல, ஆனால் இதய ரத்தக்குழாயைப் பாதிக்கும், அதை பாக்டீரியா என்று நினைத்து ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தால் நாள் போய்விடும். மலேரியாவிலும் ஏறும். இந்தப் பக்கம் வந்தால், காதில் சீழ், தொண்டையில் ஸ்ட்ரெப் போன்ற ஓரிடத்து பாக்டீரியா தொற்றில் சி.ஆர்.பி. அதிகம் ஏறாமல் இருக்கலாம். டைபாய்டு பாக்டீரியாதான், ஆனால் வெள்ளை அணு ஏறாது, சில சமயம் குறையும். தடுப்பூசி போட்ட மறுநாளும் சி.ஆர்.பி. கொஞ்சம் ஏறும்.

நம் மாவட்டத்தில் நான் தனியாகச் சொல்வது இரண்டு. ஒன்று டெங்கு. சி.ஆர்.பி. குறைவாக இருக்கிறது, வைரஸ்தான், பயமில்லை என்று உட்கார முடியாத வைரஸ் அது. இரண்டாவது ஸ்க்ரப் டைபஸ். மழைக்குப் பிறகு புதர், வயல், கொல்லைப்பக்கம் விளையாடுகிற பிள்ளைகளுக்கு ஒரு சின்னஞ்சிறு பூச்சியின் கடியால் வருவது. இது பாக்டீரியா. சி.ஆர்.பி. ஏறும், வெள்ளை அணு நார்மலாக இருக்கலாம். ஆனால் நாம் வழக்கமாக எழுதும் அமாக்சிசிலின், செஃபிக்சிம் எதற்கும் இது கேட்காது, டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோதான் வேலை செய்யும். அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால், இடுப்பில் அரைஞாண் கயிறு படுகிற இடம் எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள், சிகரெட் சுட்டது போல் கறுத்த பொருக்கு இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். வலிக்காது, அதனால் பிள்ளை சொல்லாது. எல்லோருக்கும் இருக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

புரோகால்சிட்டோனின் பற்றி. உங்கள் நாத்தனார் சொன்னது தவறில்லை, சி.ஆர்.பி.யைவிட அது பாக்டீரியா பக்கம் கூடுதலாகச் சாய்கிற சோதனை. நாலைந்து மணி நேரத்திலேயே ஏற ஆரம்பிக்கும், ஒரு நாளுக்குள் உச்சம் போகும். வைரஸ் தொற்றில் உடம்பு சுரக்கும் இன்டர்ஃபெரான் இதை அடக்கி வைக்கிறது, அதனால்தான் இரண்டும் பிரிகின்றன. மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராம் என்பது பல இடங்களில் பயன்படுத்தும் கோடு. இதன் பெரிய பயன் கைக்குழந்தைகளில்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பிறந்து 8 முதல் 60 நாள் வரையான, பார்க்க நன்றாக இருக்கிற குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் பார்க்க வேண்டிய ரத்தக் குறியீடுகளில் இது ஒன்று. (பிறந்த முதல் இரண்டு நாளில் இது தானாகவே ஏறி இறங்கும், அப்போது எடுத்தால் குழப்பம்தான்.) விலை சி.ஆர்.பி.யைப் போல் பல மடங்கு. இரண்டரை வயது, மூக்கொழுகல், ஓடியாடுகிறான் என்ற நிலைமையில் அதை எடுத்து நான் என் முடிவை மாற்றப் போவதில்லை. முடிவை மாற்றாத டெஸ்டுக்கு எதற்குப் பணமும் ஊசிக் குத்தும்?

இதையெல்லாம் படித்துக்கொண்டு வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் இருக்கின்றன. காய்ச்சல் இல்லாத நேரத்திலும் துவண்டு கிடப்பது, தண்ணீரே குடிக்காமல் இருப்பது, ஆறு எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, விடாத வாந்தி அல்லது வயிற்றுவலி, வலிப்பு, உடம்பில் ரத்தப் புள்ளிகள், கை கால் ஜில்லென்று ஆவது. மூச்சை ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள், ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் நிமிஷத்துக்கு 40 அல்லது மேல் என்றால் அது வேகமான மூச்சு. தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ எண்ண வேண்டும், அழும்போது அல்ல. மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கேள்வியே இல்லை, நேரே ஆஸ்பத்திரி.


புதுவயல் மெடிக்கல்:

மருந்துக்கடைக்காரன் பக்கத்தையும் கேளுங்கள். "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்த அதே சிரப் கொடுங்க" என்று தினமும் வருகிறார்கள். சீட்டு கேட்டால் கோபம், அடுத்த கடைக்குப் போகிறார்கள், அங்கே கிடைத்தும் விடுகிறது, இதை மறைத்து என்ன. செஃபிக்சிம் போன்ற ஆன்டிபயாடிக்குகள் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் எச்-1 பட்டியலில் இருக்கின்றன, 2014 மார்ச்சிலிருந்து நடைமுறை. டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு எல்லாம் தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும்.

அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளை இரண்டு நாளில் சரியானது பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலும் மூன்றாம் நாள், நாலாம் நாள்தான் வீட்டில் பொறுமை போய் ஆன்டிபயாடிக் வாங்க வருகிறார்கள். சாதாரண வைரஸ் காய்ச்சல் இறங்குவதும் அந்த நாலு, ஐந்தாம் நாளில்தான். பெயர் சிரப்புக்குப் போய்விடுகிறது. அடுத்த முறை அதே பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள், அதற்கடுத்து அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் வருகிறார்.

கொடுத்தால் என்ன கெட்டுப்போகும் என்பார்கள். வயிற்றுப்போக்கும், உடம்பெல்லாம் தடிப்பும் வந்து திரும்ப என் கடைக்கே வருகிற பிள்ளைகளை நான் பார்க்கிறேன்.


சிக்ரி பக்கத்து வீடு:

நான் டாக்டர் இல்லை, வேதியியல் படித்தவன், சென்சார் வேலையில் இருப்பவன். "ஒரே டெஸ்ட் இருக்கிறதா இல்லையா" என்ற கேள்வியின் மறுபாதிக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் வருகிறேன்.

சி.ஆர்.பி. 1930இல் நியூயார்க் ராக்கபெல்லர் நிறுவனத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் கண்டது. நிமோனியா நோயாளிகளின் சீரம் நிமோகாக்கஸ் பாக்டீரியாவின் "சி" என்ற சர்க்கரைப் பொருளோடு சேர்ந்து படிவதைப் பார்த்தார்கள், அந்த "சி"தான் பெயரில் நிற்கிறது. கிட்டத்தட்ட நூறு வருஷப் பழசு. புரோகால்சிட்டோனின் 1993இல்தான் பாக்டீரியா தொற்றோடு தொடர்புபடுத்தப்பட்டது, பிரெஞ்சுக்காரர்கள் செய்தது, அதுவும் பிள்ளைகளின் ரத்தத்தில்.

இவை இரண்டும் பாக்டீரியாவுக்கு ஏறுகிறவை. குறைவாக இருந்தால் வைரஸ் என்று நாமே ஊகித்துக்கொள்கிறோம், வைரஸுக்கு என்று நேரடியாக ஏறுகிற ஒன்று இதில் இல்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் இப்போது வேலை நடக்கிறது. எம்.எக்ஸ்.ஏ. என்று ஒரு புரதம், இன்டர்ஃபெரான் தட்டி எழுப்பினால் ரத்த அணுக்களுக்குள் உருவாகிறது, வைரஸ் தொற்றில் ஏறும். ட்ரெயில் என்று இன்னொன்று, அது வைரஸ் வந்தால் ஏறும், பாக்டீரியா வந்தால் இறங்கும், ஒரே புரதம் இரண்டு திசையிலும் பேசுவதால் அதற்கு மவுசு. ட்ரெயில், ஐ.பி.-10 என்ற இன்னொரு புரதம், சி.ஆர்.பி. மூன்றையும் சேர்த்து அளந்து 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் தருகிற கருவியை இஸ்ரேலின் மீமெட் நிறுவனம் செய்தது, அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021இல் அனுமதி கொடுத்தது. கால் மணி நேரத்தில் பதில் வரும். 35க்குக் கீழே என்றால் வைரஸ் பக்கம், 65க்கு மேலே என்றால் பாக்டீரியா பக்கம். நடுவில் வந்தால்? "சொல்ல முடியாது" என்றுதான் அதுவும் சொல்கிறது. டாக்டர் சொன்ன பொட்டல் வெளி அங்கேயும் இருக்கிறது, கொஞ்சம் சின்னதாக.

இன்னும் ஒரு படி மேலே, லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு 2016இல் பிள்ளைகளின் ரத்தத்தில் இரண்டே இரண்டு மரபணுக்களின் செயல்பாட்டை வைத்துப் பிரிக்கலாம் என்று காட்டினார்கள். ஒன்று வைரஸில் கூடுதலாக இயங்குகிறது, மற்றது பாக்டீரியாவில். இது நம் ஊர் லேப் மேஜைக்கு வர நாளாகும்.

ஆனால் எனக்குப் பிடித்த ஆய்வு இந்த வித்தைகள் எதுவும் இல்லாத ஒன்று. வியட்நாமில் ஹனோய் பக்கம் சாதாரண ஆரம்ப சுகாதார நிலையங்களில், சளி இருமல் காய்ச்சலோடு வந்தவர்களுக்கு அங்கேயே விரல் நுனி ரத்தத்தில் சி.ஆர்.பி. பார்த்துவிட்டு மருந்து எழுதச் சொன்னார்கள். 2016இல் வெளிவந்தது. பார்க்காத குழுவில் 78 சதவீதம் பேருக்கு ஆன்டிபயாடிக் போனது, பார்த்த குழுவில் 64 சதவீதம். பழைய, மலிவான, குறையுள்ள டெஸ்ட்தான், அதுவே இவ்வளவு தடுக்கிறது. அதில் சின்னப் பிள்ளைகளுக்கு எல்லைக் கோட்டை லிட்டருக்கு 10 மி.கி. என்றும், ஆறு வயதிலிருந்து 20 என்றும் வைத்திருந்தார்கள். ஸ்லைடில் பார்த்து "பாசிட்டிவ்" என்று எழுதிக் கொடுக்கிற முறைக்கு இங்கே வேலையே இல்லை, நம்பர் வேண்டும்.

சர்க்கரை நோய்க்கு வீட்டில் ஸ்ட்ரிப் வைத்துப் பார்க்கிறோமே, அதில் நடப்பது மின்வேதியியல்தான், நம் காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) பிழைக்கிற அதே வித்தை. சி.ஆர்.பி.க்கும் அப்படி ஸ்ட்ரிப் செய்யலாம், உலகம் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் வீட்டில் வைத்துக்கொண்டு முதல் நாளே குத்திப் பார்த்து "கம்மிதான்" என்று விட்டுவிடும் மாமனார்களை நினைத்தால் எனக்கே தயக்கமாக இருக்கிறது.


பள்ளத்தூர் ஆச்சி:

இவ்வளவு பேசினீர்களே, டெங்குக்கு டாக்டர் ஒரு வரிதான் சொன்னார், நான் சொல்கிறேன். எங்கள் தெருவில் வரிசையாகப் பூட்டிக் கிடக்கிற வீடுகள். ஆட்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். முற்றத்துத் தொட்டியிலும், இரண்டாம் கட்டில் கவிழ்க்காமல் விட்ட அண்டாவிலும் மழைத் தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கிறது. மருந்து அடிக்க வருகிறவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சாவி வைத்திருக்கிறவரைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்ல ஒருவருக்கும் நேரமில்லை. கோட்டையூரிலும் இதே கதைதானே? பிள்ளைக்கு டெங்கு டெஸ்ட் எடுத்தார்களா என்று முதலில் கேள்.


கோட்டையூர் அம்மா:

ஆச்சி, எங்கள் வலது பக்கத்து வீடு அப்படித்தான் கிடக்கிறது.

எல்லோருக்கும் நன்றி. யூனிட் விஷயம் படித்ததும் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன், பொடி எழுத்தில் மி.கி./டெசிலிட்டர் என்றுதான் இருக்கிறது. லேப்காரர் எழுதியதை மாமனாரிடம் படித்துக் காட்டினேன். பால் திரிகிற கதையைக் கேட்டுவிட்டு "அப்போ அந்த லேபில் கொடுத்த காசு தண்டமா" என்றார், சண்டை இப்போது அந்தத் திசையில் போகிறது.

அக்குள், இடுக்கு எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன், பொருக்கு எதுவும் இல்லை. தூங்கும்போது மூச்சு எண்ணினேன், 28. சிறுநீர் போகிறான். டெங்கு டெஸ்ட் எடுக்கவில்லை. நாளை வியாழன். டாக்டர் சார், நாளைக்கே கூட்டிப் போய் டெங்குவும் யூரினும் பார்க்கச் சொல்லட்டுமா, வெள்ளி வரை விடலாமா? சி.ஆர்.பி. மறுபடி எடுக்க வேண்டுமா?


குழந்தைநலம்:

28 நல்லது. பக்கத்தில் பூட்டிய வீடு, தேங்கிய தண்ணீர், இது உங்கள் டாக்டருக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் நாளைக் காலை போன் செய்து சொல்லுங்கள், காய்ச்சல் தொடர்ந்தால் என்.எஸ்.1 என்ற டெங்கு டெஸ்ட் பார்க்கலாமா என்று கேளுங்கள். அது முதல் ஐந்து நாளுக்குள் எடுத்தால்தான் பிடிபடும், அப்புறம் ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்புப் புரதத்தைப் பார்க்க வேண்டி வரும். யூரின் பற்றியும் கேளுங்கள், இந்த வயதில் சிறுநீர்த் தொற்றுக்குக் காய்ச்சலைத் தவிர வேறு அடையாளமே இல்லாமல் போகலாம், ரத்தத்தைவிட அந்த ஒரு பாட்டில் சிறுநீர் அதிகம் சொல்லும். இவனுக்குச் சளி இருப்பதால் வாய்ப்புக் குறைவு, இல்லை என்று சொல்ல முடியாது.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஐபுப்ரோஃபென், மெஃபெனாமிக் ஆசிட் கலந்த சிரப் எதுவும் வேண்டாம், இரண்டு மருந்து கலந்த சிரப் வீட்டில் இருந்தால் லேபிளைப் படியுங்கள்.

காய்ச்சல் விட்ட பிறகு ஒன்றிரண்டு நாள் கண் வைத்திருங்கள். டெங்குவாக இருந்தால் சிக்கல் ஆரம்பிப்பது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான். இறங்கியதும் பசித்துச் சாப்பிட்டு வண்டி ஓட்டினால் சரி, இறங்கியும் சோர்ந்து வயிறு வலிக்கிறது என்றால் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்புங்கள்.

சி.ஆர்.பி. வெள்ளிக்கிழமை காய்ச்சல் இல்லாவிட்டால் எடுக்க வேண்டாம், நார்மல் ஆகிவிட்டதா என்று பார்ப்பதற்காகக் குத்த வேண்டியதில்லை. காய்ச்சல் இருந்தால் சி.பி.சி.யோடு (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) சேர்த்து எடுக்கச் சொல்வார். 21 என்பது 15 ஆகியிருக்கிறதா 90 ஆகியிருக்கிறதா என்ற வித்தியாசம் அப்போது பயன்படும். எடுப்பதானால் இன்று எடுத்த அதே லேபில் எடுங்கள்.


தேவகோட்டை லேப்காரன்:

அதே லேப், அதே யூனிட். ரத்தம் எடுக்கும்போது பிள்ளையின் வயதைச் சரியாகச் சொல்லி மெஷினில் போட வையுங்கள் ஆச்சி, சில மெஷினில் வயதைப் போட்டால் அந்தத் தடித்த எழுத்து வராது. என்.எஸ்.1 எடுப்பதானால் அதையும் ஒரே குத்தில் சேர்த்து எடுக்கச் சொல்லிவிடுங்கள்.